மார்கழி வந்தாலே மூட்டு வலி... நடக்க முடியாதவர்கள் எடையைக் குறைப்பது எப்படி?

மார்கழி மாத விடிகாலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கத் தொடங்கும்போதே, வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தமும் கேட்க ஆரம்பித்துவிடும். கோலமாவுக் கிண்ணத்தோடு பெண்கள் வாசலில் உட்காருவார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு உட்காருவதில் பெரிய சிரமம் இல்லை. எழுந்திருக்கும்போதுதான் சோதனை! ஒரு கையை முழங்காலில் ஊன்றி, இன்னொரு கையால் கதவைப் பிடித்து, 'அப்பாடா' என்று நிமிர்வதற்குள் முகம் சுளித்துவிடும். இந்த வலிக்குப் பயந்தே, வாசல் நிறையக் கோலம் போட்டவர்கள் ஸ்டிக்கர் கோலத்துக்கு மாறிவிடுகிறார்கள். தினமும் ஆண்டாள் சந்நிதிக்குப் போய்வந்தவர்கள், 'வீட்டிலிருந்தே கும்பிட்டுக்கிறேன்' என்று நின்றுவிடுகிறார்கள்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராஜபாளையத்திலும் இதே கதைதான். நூற்பாலைகளில் வருடக்கணக்காக ஷிஃப்ட் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்கள், பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள் என்று உழைத்துத் தேய்ந்த மூட்டுகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

டாக்டரிடம் போனால், மாத்திரையோடு சேர்த்து ஓர் அறிவுரையும் கிடைக்கும்: "வெயிட்டைக் குறைங்க!" எப்படிக் குறைப்பது? நடக்க வேண்டும். நடந்தால் முழங்கால் வலிக்கிறது. வலிக்கிறதே என்று உட்கார்ந்தால் எடை கூடுகிறது. எடை கூடினால் வலியும் கூடுகிறது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்ற கதைதான்!

இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர வழி இருக்கிறது. அது நடைப்பயிற்சி மைதானத்தில் தொடங்குவதில்லை, அடுப்படியில் தொடங்குகிறது.

நடந்தால்தான் எடை குறையுமா?

உடல் எடை என்றதும் நமக்கு உடற்பயிற்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது.

அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் நடத்திய அந்த ஆய்வு 2013-ல் வெளியானது. 55 வயதுக்கு மேற்பட்ட, முழங்கால் தேய்மானமும் அதிக எடையும் உள்ள 454 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும். இன்னொரு குழுவுக்கு உடற்பயிற்சி மட்டும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். 18 மாதங்கள் கழித்து எடை பார்த்தார்கள்.

உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சராசரியாகக் குறைந்தது 1.8 கிலோ. உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருந்தவர்களுக்கு 8.9 கிலோ. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 10.6 கிலோ. வலி மிக அதிகமாகக் குறைந்ததும் மூன்றாவது குழுவுக்குத்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரிகின்றன. எடையைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு சாப்பாட்டுத் தட்டுக்குத்தான். எனவே, 'என்னால் நடக்க முடியவில்லை, எனக்கு எடை குறையாது' என்று யாரும் மனம் உடைய வேண்டியதில்லை. அதற்காக உடற்பயிற்சியை விட்டுவிடவும் கூடாது. அது மூட்டைத் தாங்கும் தசைக்காக!

வீட்டுக் கணக்கிலேயே பார்த்தாலும் இது தெரியும். அரை மணி நேரம் மெதுவாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 100 முதல் 120 கலோரி. வீடு திரும்பி இரண்டு உளுந்த வடை சாப்பிட்டால், அந்தக் கணக்கு நேராகிவிடும், மிச்சமும் ஏறிவிடும்.

1 கிலோ குறைந்தால் முழங்காலுக்கு 4 கிலோ லாபம்

'நாலைந்து கிலோ குறைந்து என்ன ஆகிவிடப்போகிறது?' என்று தோன்றலாம். முழங்காலைக் கேட்டால் வேறு பதில் வரும்.

நடக்கும்போது முழங்கால் தாங்குவது நம் உடல் எடையை மட்டுமல்ல, அதைப்போலச் சில மடங்கு. 2005-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, உடல் எடை 1 கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய 4 கிலோ சுமை குறைகிறது. 5 கிலோ குறைந்தால் அடிக்கு 20 கிலோ. வீட்டுக்குள்ளேயே ஒரு நாளில் 1,000 அடி நடப்பவருக்கு அது 20,000 கிலோ. ஒரு லாரி நெல்லை இறக்கி வைத்த மாதிரி!

அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரப் பெண்களிடம் நடந்த நீண்டகால ஆய்வும் 1992-ல் இதையொட்டிய ஒரு செய்தியைச் சொன்னது. பத்து ஆண்டுகளில் சுமார் 5 கிலோ குறைத்த பெண்களுக்கு, வலியோடு கூடிய முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது.

அதனால், 75 கிலோ இருப்பவர் 'அறுபதுக்கு வர வேண்டும்' என்று மலைத்துப்போக வேண்டாம். உடல் எடையில் 5 சதவிகிதம், அதாவது 4 கிலோகூட வித்தியாசத்தைக் காட்டத் தொடங்கும். 10 சதவிகிதம் என்றால் இன்னும் நல்லது. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். கார்த்திகையில் தொடங்கினால் பொங்கலுக்குள் 3, 4 கிலோ குறைவது நடக்கக்கூடிய காரியம்தான்.

குளிர்காலத்தில் மட்டும் ஏன் இவ்வளவு வலி?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் என்றாலும், இந்த ஊர்களின் குளிர் ஒன்றும் ஊட்டிக் குளிர் அல்ல. ஆனாலும், ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்தே 'மூட்டு குடையுது' என்ற பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. இது வெறும் பிரமையா?

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர், நீண்டநாள் வலியுள்ள 2,600-க்கும் மேற்பட்டவர்களின் அன்றாட வலியை ஸ்மார்ட்போன் மூலம் பதிவு செய்து, அன்றைய வானிலையோடு ஒப்பிட்டார்கள். 2019-ல் முடிவு வெளியானது. காற்றில் ஈரப்பதம் அதிகமான நாள்களிலும், காற்றழுத்தம் குறைந்த நாள்களிலும், காற்று பலமாக வீசிய நாள்களிலும் வலி கூடியது தெரிந்தது. அதிலும் ஈரப்பதத்துக்குத்தான் முதலிடம். வடகிழக்குப் பருவமழையும் மார்கழிப் பனியும் வலியைக் கூட்டுவதாகப் பாட்டிமார்கள் சொல்வதை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது.

ஆனால், வானிலையின் பங்கு சிறியதுதான். பெரிய பங்கு நம்முடைய நடமாட்டம் குறைவதற்கு. இருட்டு, தூறல், போர்வைச் சுகம் என்று அசையாமல் இருக்க இருக்க மூட்டு இறுகுகிறது, தசை வலுவிழக்கிறது.

நாக்குக்கும் இதுதான் சீசன்

தீபாவளிப் பலகாரத்தில் தொடங்கி, கார்த்திகைப் பொரி உருண்டை, மார்கழிப் பொங்கல், புத்தாண்டு கேக், தைப் பொங்கல் கரும்பு என்று வரிசைகட்டி வருவது இந்த மூன்று மாதங்களில்தான். மழைக்கு இதமாகச் சாயங்காலம் பஜ்ஜி வேறு.

இந்தப் பக்கத்து ஊர்களின் பெயரைச் சொன்னாலே நாக்கில் எச்சில் ஊறும். சாத்தூர் என்றால் சேவு. விருதுநகர் என்றால் எண்ணெயில் பொரித்த பரோட்டா. கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா!

மார்கழி 27-ம் நாள் கூடாரவல்லிக்கு நெய் வழியும் அக்காரவடிசில். அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டதும், பிற்காலத்தில் ராமாநுஜர் அதை நிறைவேற்றியதும் வைணவ மரபில் சொல்லப்படும் செய்தி. அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, 'இனிப்பே தொடாதே' என்றால் நடக்குமா?

தொடவே வேண்டாம் என்பதில்லை. பிரசாதம் பிரசாதமாகவே இருக்கட்டும், அது காலை டிபன் ஆகிவிடக் கூடாது. தொன்னையளவு சர்க்கரைப்பொங்கல் சாப்பிட்டால், அன்றைக்கு இட்லியில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். பால்கோவாவை அரைக் கிலோ டப்பாவாக வாங்கி ஃபிரிட்ஜில் வைக்காமல், சிறிய பொட்டலமாக வாங்கி வீட்டில் எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுங்கள். ஒரு ஸ்பூன் பால்கோவா ருசிக்கு. ஒரு கிண்ணம் என்றால் முழங்காலுக்கு!

தட்டில் என்ன மாற்றலாம்?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி தேவைப்படுபவருக்கான ஒரு நாள் தட்டு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்துச் சமைக்காத அளவில் 250 கிராம். காய்கறி, கீரை 400 கிராம். பழம் 100 கிராம். பருப்பு, பயறு, முட்டை, மீன், இறைச்சி வகை 85 கிராம். எண்ணெய், கொழுப்பு 27 கிராம். பால் அல்லது தயிர் 300 மில்லி. கொட்டைகளும் விதைகளும் 35 கிராம். எடை குறைக்க நினைப்பவர்கள் இதிலும் சோற்றையும் எண்ணெயையும் சற்றே குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

நம் வீடுகளில் நடப்பது இதற்குத் தலைகீழ். குவித்து வைத்த சோறு, ஓரமாக ஒரு கரண்டி பொரியல். அதை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

• பாதித் தட்டுக்குக் காய்: மழைக்காலத்தில் கீரை, அவரை, சுரைக்காய், பூசணி, முள்ளங்கி எல்லாம் கிடைக்கும். தட்டில் முதலில் காயைப் பரிமாறுங்கள், பிறகு சோறு.

• ஒவ்வொரு வேளையும் புரதம்: இதுதான் மூட்டு வலிக்காரர்கள் தவறவிடும் விஷயம். பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். தொடைத் தசை கரைந்தால் முழங்காலுக்கு ஏது துணை? மார்கழியில் அசைவம் இல்லை என்றால், பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், கெட்டிப் பருப்பு, தயிர் இருக்கவே இருக்கின்றன. மற்றவர்களுக்கு முட்டை, மீன்.

• காபிக் கணக்கு: குளிருக்கு நாலு காபி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஒரு நாளைக்கு 40 கிராம். ஒரு நாளைக்குச் சர்க்கரை 25 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அதே வழிகாட்டி. இந்த 40 கிராமில் மட்டும் 160 கலோரி இருக்கிறது. கருப்பட்டிக்கு மாறினாலும் கணக்கு பெரிதாக மாறாது. சர்க்கரை இல்லாத சுக்கு மல்லி டீ, மிளகு ரசம், காய்கறி சூப் என்று மாறினால் குளிருக்கும் இதம், உடலுக்கும் லாபம்.

• சிறுதானியம் மந்திரம் அல்ல: குதிரைவாலி, கம்பு, சோளம் எல்லாம் நம் கரிசல் காட்டுப் பயிர்கள். நார்ச்சத்து உள்ளவை, சீக்கிரம் வயிறு நிறையும். ஆனால், கலோரியில் அரிசிக்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 'குதிரைவாலிப் பொங்கல்தானே' என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் பலன் கிடைக்காது.

• சாயங்கால எண்ணெய்ச் சட்டி: ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால், ஒரு கிராம் எண்ணெயில் 9. பஜ்ஜி, வடையை வாரத்தில் ஒரு நாளைக்கு என்று வைத்துக்கொண்டு, மற்ற நாள்களில் அவித்த கடலை, சுண்டல், பனங்கிழங்கு என்று சாப்பிடலாம்.

வைகுண்ட ஏகாதசி விரதம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் முழுப் பட்டினி இருக்கக் கூடாது. ரத்தச் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

நாற்காலியே போதும்

தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில், மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால், முழங்கால் வலிக்காரர்கள் முதல் நாளே 8 கிலோமீட்டர் பக்கம் போக வேண்டாம். அவர்களுக்கு வீட்டு நாற்காலியே போதும்.

1. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை மெதுவாக நேராக நீட்டுங்கள். தொடையை இறுக்கி 5 எண்ணும்வரை வைத்திருந்து இறக்குங்கள். காலுக்கு 10 முறை.

2. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, துண்டைக் கீழே அமுக்குங்கள். 5 எண்ணிவிட்டுத் தளர்த்துங்கள். இதுவும் 10 முறை.

3. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு, மற்றொரு காலை மடக்காமல் ஓர் அடி உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள்.

4. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். பால் பொங்கும் நேரத்தில் 15 முறை செய்துவிடலாம்.

5. உயரமான, நகராத நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். முதலில் 5 முறை போதும். முடியாதவர்கள் கையை ஊன்றிக்கொள்ளலாம்.

வசதி இருந்தால், நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிளும் நல்லது. சீட்டை உயரமாக வைத்துக்கொண்டால் முழங்கால் அதிகம் மடங்காது.

நேரமும் முக்கியம். பனி கொட்டும் 5 மணிக்கு எழுந்து நடந்தால்தான் பலன் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வெயில் வந்தபிறகு 8, 9 மணிக்கோ, சாயங்காலம் 4 மணிக்கோ செய்யலாம். தொடங்கும் முன் 10 நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் இறுக்கம் தளரும். நடக்க முடிந்தவர்கள், ஒரேயடியாக 30 நிமிடம் என்று இல்லாமல், 10 நிமிடமாக மூன்று முறை சமதளத்தில் செருப்போ ஷூவோ அணிந்து நடக்கலாம்.

எவ்வளவு வலியைப் பொறுக்கலாம்? பயிற்சியின்போது லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லை என்றால், செய்தது அதிகம் என்று அர்த்தம். அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

கோலத்தை விட வேண்டாம்

முழங்காலை முழுக்க மடக்கிக் குத்தவைத்து உட்காருவதுதான் தேய்ந்த மூட்டுக்குப் பெரிய சுமை. அதற்காகக் கோலத்தையே விட வேண்டுமா? முக்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து போடலாம். நின்றபடியே உருட்டும் கோலக் குழாய்கள் சந்தையில் கிடைக்கின்றன. பெரிய புள்ளிக் கோலத்தை மகளிடமோ பேத்தியிடமோ கொடுத்துவிட்டு, ஓரத்து வேலைகளை நீங்கள் செய்யலாம்.

கழிவறை இந்திய முறையில் இருந்தால், அதன்மேல் வைக்கும் நாற்காலி மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். கோயிலுக்குப் போகும்போது, கருங்கல் தரை சில்லென்று இருக்கும் விடிகாலையைத் தவிர்த்துச் சற்றுப் பிந்திப் போகலாம். கைத்தடி பிடிப்பதில் வெட்கம் எதற்கு? வலிக்கும் காலுக்கு எதிர்ப் பக்கக் கையில் பிடித்தால், முழங்காலின் சுமை கணிசமாகக் குறையும்.

மருந்துக் கடை மாத்திரை... கவனம்!

வலிக்கும்போதெல்லாம் மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடுவது, வயிற்றுப்புண்ணில் தொடங்கிச் சிறுநீரகப் பாதிப்பு வரை கொண்டுபோய்விடும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 'ஒரே வாரத்தில் மூட்டு வலி போகும்' என்று பெயரில்லாமல் விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், வலி மறையும், எடை ஏறும்.

எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றியும் இப்போது பலர் விசாரிக்கிறார்கள். செமாகுளுடைடு என்ற மருந்தை முழங்கால் தேய்மானமும் உடல்பருமனும் உள்ள 407 பேரிடம் சோதித்த ஆய்வு 2024-ல் வெளியானது. 68 வாரங்களில் எடை சராசரியாக 13.7 சதவிகிதம் குறைந்ததோடு, வலியும் நன்றாகக் குறைந்தது. ஆனால், விலை அதிகம், பக்கவிளைவுகள் உண்டு, நிறுத்தினால் எடை திரும்பக்கூடும். மருத்துவர் பரிந்துரை இல்லாமல் தொடவே கூடாது.

கீழே சொல்லும் அறிகுறிகள் இருந்தால், எடையைப் பற்றிய யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்:

• மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கியிருப்பது, கூடவே காய்ச்சல்.

• காலையில் எழுந்தபின் அரை மணி நேரத்துக்கு மேலாகியும் இறுக்கம் தளராதது, இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்குவது. இது தேய்மானமாக இல்லாமல் வாத மூட்டழற்சியாக இருக்கலாம்.

• மழைக்காலக் காய்ச்சலைத் தொடர்ந்து வந்த மூட்டு வலி. சிக்குன்குனியாவாக இருக்கலாம்.

• முழங்கால் திடீரென்று பூட்டிக்கொள்வது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது.

காரணமில்லாமல் எடை கூடுகிறவர்கள் தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

வெளியே போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் வசதி இருக்கிறது. பகுதி சுகாதாரப் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்கலாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளையும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அணுகலாம்.

வீட்டில் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை

அம்மாவுக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அது நாலு நாள்கூட நிற்காது. நம் வீடுகளில் அம்மா தனக்கென்று தனியாகச் சமைத்துக்கொள்ளவே மாட்டார். மிச்சம் இருப்பதை வீணாக்க மனமில்லாமல் தானே சாப்பிட்டும் விடுவார். அதனால் மாற்றம் வீட்டுக்கே பொதுவாக இருக்கட்டும். காயை நறுக்கித் தருவது, சாயங்காலம் பஜ்ஜி கேட்காமல் இருப்பது, நாற்காலிப் பயிற்சி செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கை சொல்வது... இதெல்லாம் பிள்ளைகளால் முடிந்த வேலைகள்தானே?

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில் எடை பார்த்து காலண்டரில் குறித்து வையுங்கள். எடை மெஷின் முள் நகரவில்லை என்றாலும் சோர்ந்துபோக வேண்டாம். போன வாரம் கதவைப் பிடித்து எழுந்தவர் இந்த வாரம் பிடிக்காமல் எழுந்தாரா என்று பாருங்கள். அதுவும் முன்னேற்றம்தான்.

அடுத்த மார்கழிக்கு வாசலில் பெரிய கோலம் போட வேண்டுமா, தேர் வரும்போது ரதவீதியில் நின்று பார்க்க வேண்டுமா? இன்றைக்குக் காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் குறைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து வரை எண்ணத் தொடங்குங்கள்!